குட்டிப் பலூன்

"அங்கேயே நில்லு! உள்ள கால் வைக்காதே!"

காலை ஆறரை மணிக்கு மாமியாரின் குரல் இப்படித்தான் வீட்டை எழுப்பியது. மாமனாரின் அறை வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய தொண்டைக் குழாய்க்குள் கழற்றி மாட்டும் உள்குழாயை வெந்நீரில் கழுவி, ஆறவைத்து, ஒரு மூடிய டப்பாவில் போட்டு இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தாள். ஆறு வாரமாக அந்த வாசல்தான் அவளுடைய எல்லை. கழுவலாம், துடைக்கலாம், துவைக்கலாம். அவரைத் தொடக் கூடாது.

மாமியார் வந்து டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"நல்லாக் கழுவினியா? இல்ல, அன்னைக்கு மாதிரி கடமைக்குக் கழுவினியா?"

"கழுவிட்டேன் அத்தை..."

"அன்னைக்கும் இப்படித்தான் சொல்லியிருப்ப!"

மருமகளின் காது கட்டில் பக்கம் இருந்தது. மாமனாரின் தொண்டைக் குழாய் வழியாக மூச்சு போய்வரும் சத்தத்தில் ஒரு கரகரப்பு. பதினோரு வருடம் ஐசியுவில் சுவாச சிகிச்சைப் பிரிவில் நின்றவள் அவள். வென்டிலேட்டர்களின் நடுவே வாழ்ந்த அந்தக் காதுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

"அத்தை, வலது நெஞ்சுல அடியில சளி நிக்குது. அவரை இடது பக்கமா கொஞ்ச நேரம் சாய்ச்சுப் படுக்க வைங்க. அப்புறமா சக்‌ஷன் போட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கலாம்."

"உன் யோசனையை உன் ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்க! நீ பண்ணின வைத்தியம் போதும்டியம்மா. நான் மட்டும் அன்னைக்குப் பக்கத்துல இல்லைன்னா..."

அதற்குள் கட்டிலில் இருந்த மாமனார் வாசலைப் பார்த்துவிட்டார். அவர் உதடுகள் வேகமாக அசைந்தன. என்னவோ சொல்லத் தவித்தார். சத்தம் வரவில்லை. முகம் சிவந்து, இருமல் வந்து, விரலில் மாட்டியிருந்த கிளிப்பின் கருவி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"பாத்தியா? பாத்தியா! உன் மூஞ்சியைப் பாத்தாலே அவருக்கு மூச்சு முட்டுது. போ... தயவுசெஞ்சு போயிரும்மா!"

மருமகள் நகர்ந்தாள். கூடத்தின் திருப்பத்தில் நின்று காது கொடுத்தாள். கட்டில் கிறீச்சிட்டது. மாமியார் மூச்சு வாங்க அவரைப் புரட்டுவது கேட்டது. இடது பக்கம்தான்! வாய் என்ன திட்டினாலும் சொன்னதைச் செய்துவிடுவாள் அந்த அம்மாள். அவள் மேல் கோபப்படக்கூட முடியாமல் போவது இதனால்தான்.

கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான் கணவன். அச்சகத்தில் மேற்பார்வையாளன். எழுத்துப் பிழையைச் சட்டென்று கண்டுபிடிப்பவன். மனைவி முகத்தில் இருப்பதை மட்டும் அவனுக்குப் படிக்க வராது.

"தினம் ஏன் அங்க போய் நிக்கற? டப்பாவை வச்சுட்டு வந்துர வேண்டியதுதானே?"

"நின்னா என்னங்க? பாக்கக்கூடக் கூடாதா?"

"ஒரு வால்வை ஒழுங்காக் கழுவியிருந்தா இந்தப் பேச்செல்லாம் வந்திருக்குமா?"

சொல்ல வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். ஆறு வாரமாக அவள் விழுங்கியதை எல்லாம் சேர்த்தால் இன்னொரு ஆளுக்கு வயிறு நிறைந்திருக்கும்.

*

மாமனார் நாற்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவர் ஆரம்பித்தால் நடைமேடையில் அழுகிற குழந்தைகூட ஒரு நொடி நிறுத்தும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, காபி இன்னும் நடைமேடைக்கு வந்து சேரவில்லை" என்று கூடத்திலிருந்து அறிவிப்பார். "வாயை மூடிக்கிட்டு உக்காருங்க, வரும்!" என்று மாமியார் அடுக்களையிலிருந்து சிக்னல் கொடுப்பாள்.

அந்த மனிதருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போய்விட்டது. போனபின், கால் விரலில் ஒரு மரமரப்பு ஆரம்பித்து, முழங்கால், இடுப்பு, கை என்று ஏறி, நான்காம் நாள் நெஞ்சைப் பிடித்துவிட்டது. நரம்புகளைத் தாக்குகிற நோய். நாற்பத்திரண்டு நாள் ஐசியுவில் வென்டிலேட்டர்தான் அவருக்காக மூச்சு விட்டது. கழுத்தில் துளையிட்டு ஒரு குழாய் வைத்தார்கள்.

மருமகள் வேலை பார்த்த அதே ஐசியு! எட்டு மணி நேரம் வேலை. அது முடிந்ததும் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு மருமகளாக இன்னும் நான்கு மணி நேரம் அதே கட்டிலருகே நின்றாள்.

மாமியார் பார்வை நேரம் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் மெஷின்கள். அவளுக்கு ஒன்றும் விளங்காது. ஒன்றே ஒன்று விளங்கியது. தொண்டைக்குள்ளே, குழாயைச் சுற்றி அடைத்தபடி ஒரு பலூன் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய நூல் போன்ற குழாய் வெளியே வந்து, நுனியில் ஒரு குட்டிப் பலூனில் முடிகிறது. வெளியே இருப்பது விறைப்பாக இருந்தால் உள்ளே இருப்பதும் விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நர்ஸ் அதை அமுக்கிக் காட்டிச் சொன்னாள்: "இது எப்பவும் கிண்ணுனு இருக்கணும்மா. வத்திப்போச்சுன்னா மெஷின் கொடுக்கற காத்தெல்லாம் வெளியில போயிரும். ஆபத்து."

போதாதா! அன்றிலிருந்து அந்தக் குட்டிப் பலூன் மாமியாரின் பொறுப்பாகிவிட்டது. மணிக்கு நாலு தடவை அமுக்கிப் பார்ப்பாள். கொஞ்சம் மெத்தென்று பட்டாலும், "சிஸ்டர்! பலூன்!" என்று குரல் கொடுப்பாள். வார்டில் அவளுக்கு 'பலூன் அம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது. நாற்பத்திரண்டு நாளில் புருஷனுக்காகத் தன் கையால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான். அதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள் எல்லோரும்.

மருமகளும்தான் விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மாமனார் தானாக மூச்சு விட ஆரம்பித்து, குழாயோடு வீட்டுக்கு வந்தார். வீட்டில் விதி வேறு. இரவில் பலூனை நிரப்பி வைக்க வேண்டும். பகலில் சிரிஞ்சால் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, குழாயின் வாயில் ஒரு சின்ன வால்வை மாட்ட வேண்டும். அந்த வால்வு காற்றை உள்ளே மட்டும்தான் விடும். வெளியே போகிற காற்று பலூன் வற்றிய இடைவெளி வழியாக மேலே ஏறி, குரல்வளையைத் தொட்டு, வாய் வழியாக வரும். அப்போது பேச்சு வரும்! ஆனால் வால்வு மாட்டியிருக்கும்போது பலூன் நிரம்பியிருந்தால் காற்று உள்ளே போகும். வெளியே வர வழியே கிடையாது.

இதை மருமகள் மாமியாருக்குச் சொல்லித் தரவில்லை. நான் இருக்கேன்ல, அத்தையை எதுக்குப் பயமுறுத்தணும் என்று நினைத்தாள். இரவு நிரப்பியதும் அவள்தான், காலையில் இறக்கியதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள். முதல் நாலு நாள் விடுப்பில் கட்டிலருகேயே அவள் இருந்ததால் மாமியாருக்குப் பலூனைத் தொட வேலை வரவில்லை; அன்று வேலைக்குத் திரும்ப வேண்டும். மருமகள் காற்றை இறக்கினாள். வால்வை மாட்டினாள். "ரெண்டாம்... நடைமேடை..." என்று மாமனார் கண்ணைச் சிமிட்டினார். சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

தலையில் தண்ணீர் ஊற்றும்போது மாமியாரின் அலறல் கேட்டது.

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். மாமனாரின் கண்கள் பிதுங்கியிருந்தன. நெஞ்சு ஏறி ஏறி உப்பியது, இறங்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரே தாவலில் வால்வைப் பிடுங்கி எறிந்தாள். அடைபட்ட மூச்சு 'புஸ்' என்று வெளியே வந்தது. ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, தன்னை அறியாமல் குட்டிப் பலூனைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது! கால் மணி நேரத்துக்கு முன் அவள் கையால் வற்ற வைத்த பலூன்!

மாமியார் அவர் காலைத் தேய்த்தபடி கதறிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே இருந்தாரு! நீ பலூனை நிரப்ப மறந்துட்டுப் போயிட்ட. வத்திக் கிடந்துச்சு. பாவம், வேலைக்குப் போற அவசரத்துல மறந்துட்டாளேன்னு நான்தான் நிரப்பிவிட்டேன்... அதுக்கப்புறம் திடீர்னு... ஐயோ, என்னடி ஆச்சு இவருக்கு? என்ன ஆச்சு?"

மருமகள் மாமியாரின் கையைப் பார்த்தாள். காலி சிரிஞ்ச் இன்னும் அந்த விரல்களுக்குள் இருந்தது. நாற்பத்திரண்டு நாள் புருஷனின் உயிருக்குக் காவல் இருந்த கை. இந்தக் கைதான் அவர் மூச்சை அடைத்தது என்று தெரிந்தால்? இந்த அம்மாள் அப்புறம் ஒரு வாய் சோறு தின்பாளா? இந்தக் கட்டில் பக்கம் வருவாளா?

யோசிக்க நேரமில்லை. வாய் முந்திக்கொண்டது.

"என் தப்புதான் அத்தை. வால்வைச் சரியாக் கழுவாம மாட்டிட்டேன். சளி அடைச்சுக்கிச்சு."

கட்டிலில் கிடந்த மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் மருமகள் மேல் நிலைகுத்தி நின்றன.

*

அவரை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கேயும் அவள் அதையே சொன்னாள். அதையே எழுதிக் கொடுத்தாள். வேறு விதமாகச் சொன்னால் டாக்டர் நேராக மாமியாரைக் கூப்பிட்டல்லவா விசாரிப்பார்! விளைவு, ஐசியுவிலிருந்து அவளை எடுத்து, நுரையீரல் பரிசோதனை அறையில் போட்டுவிட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறை. நாள் முழுக்க ஒரே வேலை. வருகிறவர் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "இழுங்க... இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்!" என்று கத்த வேண்டும். அங்கே அவளுக்கு 'ஊதும்மா' என்று பெயர் வந்துவிட்டது. "என் பொண்டாட்டிகூட என்னை இந்த விரட்டு விரட்டினதில்லம்மா" என்று ஒரு லாரி டிரைவர் மூச்சு வாங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் போனதும், கிளிப்பைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

மாமியார் வாசலிலிருந்து விரட்டிய அன்றே மதியம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் சுவாச சிகிச்சைப் பிரிவின் தலைவி. ஐம்பது வயது. குரல் வென்டிலேட்டர் அலாரத்துக்குச் சவால் விடும். அதனால் எல்லோருக்கும் அவள் 'அலாரம் மேடம்'.

"உன் மாமனார் ரிப்போர்ட் பார்த்தேன். ஆறு வாரமா ஒரு முன்னேற்றமும் இல்ல. வால்வு பழக்காம, பலூனை நிரப்பியே வச்சிருந்தா தொண்டை எப்படிம்மா தேறும்? குழாயை எப்ப எடுக்கறது? இப்படியே போனா பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிரலாம்னு டாக்டர் எழுதியிருக்காரு."

"வீட்டுல வால்வைத் தொடவே விட மாட்டேங்கறாங்க மேடம்..."

"ஏன் விட மாட்டாங்க?" அலாரம் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "பதினோரு வருஷம் என்கூட வேலை பார்த்திருக்க. கழுவாத சாமானை நீ ஒரு நாள் ஒரு பேஷன்ட் பக்கத்துல கொண்டுபோனதை நான் பார்த்ததில்ல. உண்மையைச் சொல்லு. யாரைக் காப்பாத்தற?"

அவள் குனிந்து மூக்குக் கிளிப்பையே பார்த்தாள்.

"எழுதிக் கொடுத்ததுதான் மேடம் உண்மை."

"என்னமோ போ! உன்னை மாதிரி அழுத்தக்காரியை நான் பார்த்ததே இல்ல. ஞாயித்துக்கிழமை நான் வரேன். என் கையால வால்வு போட்டுப் பார்க்கலாம்."

மாலையில் மருமகள் சொன்ன விஷயத்தைக் கணவன் அம்மாவிடம் எடுத்துச் சொன்னதும் மாமியார் வெடித்தாள்.

"இல்லத்துக்கே அனுப்பிருங்கடா! யாரோ பாக்கட்டும். ஆனா இவ கை மட்டும் அவர் மேல பட வேணாம்!"

"அந்த இல்லத்துல வாரத்துக்கு ரெண்டே நாள்தாம்மா நம்மளைப் பாக்க விடுவாங்க."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு நாளா? நாப்பத்தஞ்சு வருஷமா அந்த மனுஷன் குரலைக் கேட்டுத்தான்டா நான் கண்ணையே முழிச்சேன்..." என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி. அந்த மேடம் வரட்டும். ஆனா இவ வாசலுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும்" என்றாள்.

மாமியார் முகம் கழுவப் போன சமயத்தில் மருமகள் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமனார் விழித்துக்கொண்டிருந்தார்.

"மாமா..." என்று கிசுகிசுத்தாள். "ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பேச்சு வந்தா... அன்னைக்கு நடந்ததைச் சொல்லிராதீங்க. அத்தை தாங்க மாட்டாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்..."

அவர் தலையை இடமும் வலமும் அசைத்தார். மாட்டேன்! மறுபடியும் அசைத்தார். மாட்டேன்! கண்ணோரத்தில் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவர் கைக்கு வலு இல்லை. துடைத்துவிட அவளுக்கு உரிமை இல்லை.

*

ஞாயிறு காலை பத்து மணிக்கு அலாரம் மேடம் வந்தாள். சக்‌ஷன் போட்டு சளியை எடுத்தாள். ஆக்சிஜன் அளவைப் பார்த்தாள். சிரிஞ்சைச் செருகி பலூன் காற்றை முழுக்க இழுத்து இறக்கிவிட்டு, குட்டிப் பலூன் தோலாய்த் தொங்குவதை அமுக்கிப் பார்த்தாள். பையிலிருந்து புது வால்வை எடுத்து மாட்டினாள்.

"மெதுவா விடுங்க ஐயா. அவசரமே இல்ல. மூச்சு மேல வரட்டும். பேச்சு தானா வரும்."

மாமனார் மூச்சை இழுத்தார். விட்டார். எல்லாம் சரியாக இருந்தது. "ஒரு நிமிஷம், கையைக் கழுவிட்டு வரேன்" என்று அலாரம் மேடம் அறையை ஒட்டியிருந்த குளியலறைக்குள் போனாள். கணவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். மருமகள் தன் எல்லையில், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு.

மாமியாரின் கை பழக்க தோஷத்தில் குட்டிப் பலூனைத் தேடிப் போனது. அமுக்கிப் பார்த்தாள். வற்றிக் கிடந்தது.

"அட! இவங்களும் மறந்துட்டாங்க போல" என்று முணுமுணுத்தாள். "படிச்சவங்களுக்கெல்லாம் ஒரே மறதி..." கட்டில் மேசையில் கிடந்த சிரிஞ்சை எடுத்துக் காற்றை இழுத்து, நுனியைச் செருகினாள்.

மாமனார் பார்த்துவிட்டார். அவர் கழுத்து நரம்புகள் புடைத்தன. ஆறு வாரமாக அடைந்து கிடந்த தொண்டையிலிருந்து கிழிந்த துணி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"வே... வே...ணாம்!"

"பேசிட்டாரு!" மாமியார் பூரித்துப்போனாள். "டேய், கேட்டியா? அப்பா பேசிட்டாருடா!" சந்தோஷத்தில் அவள் கட்டைவிரல் சிரிஞ்சை இன்னும் வேகமாக அழுத்தியது.

"அத்தை! நிரப்பாதீங்க!"

எல்லையாவது மண்ணாவது! மருமகள் பாய்ந்து வந்தாள். மாமியாரின் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து, மறு கையால் வால்வைச் சட்டென்று கழற்றினாள். நெஞ்சில் அடைபட ஆரம்பித்த மூச்சு குழாய் வழியாக வெளியேறியது. அதே வேகத்தில் சிரிஞ்சைப் பின்னால் இழுத்தாள். குட்டிப் பலூன் சுருங்கியது.

"விடுடி! என்னை எதுக்குப் பிடிக்கற?" மாமியார் கையை உதறினாள். "யாரு உன்னை உள்ள வரச் சொன்னது? பலூன் வத்திக் கிடக்கு, நிரப்பினா உனக்கு என்ன?"

குளியலறை வாசலில் அலாரம் மேடம் ஈரக் கையோடு நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னம்மா காரியம் பண்ணினீங்க! வால்வு இருக்கும்போது பலூனை நிரப்பினா, போன மூச்சு எந்த வழியா வெளிய வரும்? ரெண்டு நிமிஷத்துல உயிர் போயிருக்குமே!"

"ஐசியுல நர்ஸ்தான் சொன்னாங்க... எப்பவும் கிண்ணுனு..."

"அது வென்டிலேட்டர்ல இருந்தப்ப! வீட்டுல வால்வு போட்டா வத்தித்தான் இருக்கணும்." அலாரம் மேடம் சட்டென்று நிறுத்தினாள். மெல்ல மருமகள் பக்கம் திரும்பினாள். "ஓ... அன்னைக்கும் இதுதான் நடந்ததா?"

"இல்ல மேடம்... அன்னைக்கு வால்வு கழுவாம..."

"இன்னும் பொய்யா சொல்ற?"

மாமியார் தன் கையில் இருந்த சிரிஞ்சைப் பார்த்தாள். குட்டிப் பலூனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு... பலூன் வத்திக் கிடந்துச்சு. நான்தான் நிரப்பினேன். நிரப்பினதும்தான் அவருக்கு..." சிரிஞ்ச் கீழே விழுந்து உருண்டது. "ஐயோ! இந்தக் கையா? இந்தக் கையாலயா நான்..."

கட்டிலின் இரும்புக் கம்பியில் ஓங்கி ஓங்கிக் கையை அடித்தாள். மருமகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அடிச்சுக்காதீங்க அத்தை... இதுக்குத்தானே நான் சொல்லலை! உங்க மேல தப்பில்ல. வீட்டுல விதி வேறன்னு நான் உங்களுக்குச் சொல்லித் தரலை. அது என் வேலை. என் தப்புதான் அது!"

"ஏண்டி... ஏண்டி நீ இப்படிப் பண்ணின? நாய்கூடத் திங்காத பேச்செல்லாம் பேசினேனேடி உன்னை! வாசல்ல நிக்க வச்சேனே! ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அப்புறம் நீங்க மாமா பக்கத்துல உக்காருவீங்களா அத்தை?"

மாமியார் மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அலாரம் மேடம் காற்று முழுக்க இறங்கியிருப்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, வால்வைத் திரும்ப மாட்டினாள். மாமனார் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்.

"ஆறு... வாரமா... இதைத்தான்... சொல்ல... வந்தேன். அவளைப்... பாத்து... பயமில்ல. அவளை... உள்ள... விடுன்னு..."

அவ்வளவுதான். இருமல் வந்துவிட்டது. மருமகளைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது ஏன், உதடு துடித்தது ஏன் என்று இப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. கால்மாட்டில் நின்ற கணவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..." என்றான் திரும்பாமலே.

"உங்ககிட்டயா?" மருமகள் நிமிர்ந்தாள். ஆறு வாரத்தில் முதல்முறையாக அவள் குரலில் சூடு இருந்தது. "நீங்க என்னை என்ன கேட்டீங்க? ஏன் கழுவலைன்னுதானே கேட்டீங்க! கழுவினியான்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

அவன் கீழே உருண்டு கிடந்த சிரிஞ்சைக் குனிந்து எடுத்து, துடைத்து, கட்டில் மேசையில் வைத்தான்.

*

திங்கட்கிழமை மாமியார் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அலாரம் மேடத்தின் மேசை முன் நின்று, "அந்தக் காகிதத்தைக் கிழிங்க. கிழிக்க முடியாதுன்னா அவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றாளாம். எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வந்தாளாம். வியாழக்கிழமை மருமகளுக்கு ஐசியுவுக்குத் திரும்ப உத்தரவு வந்தது. "இனி எங்களை யாரு விரட்டுவா ஊதும்மா?" என்று பரிசோதனை அறை வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. மருமகள் கழுவிய டப்பாவோடு மாமனாரின் அறைக்கு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் அறைக்குள் மாமியார் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, ஆறு வாரமாக அவள் நின்ற அதே இடத்தில், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் மாமியார்.

"ஏன் அத்தை அங்க நிக்கறீங்க?"

"நீ பாரும்மா. நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்... எனக்கு அங்க வரக் கை நடுங்குது."

மருமகளுக்குச் சுள்ளென்று வந்தது. இதற்காகவா ஆறு வாரம்! விறுவிறுவென்று போய் மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சிரிஞ்சை எடுத்து அந்த நடுங்குகிற விரல்களுக்குள் வைத்தாள்.

"நீங்கதான் போடணும்."

"வேணாம்டி! என் தங்கமே, வேணாம்! நான் மாட்டேன்!"

"எனக்கு இன்னைக்கு ஐசியுல டியூட்டி. நான் போனப்புறம் யாரு பாப்பா? உங்க பிள்ளையா? அவருக்குச் சிரிஞ்சுக்கு எது தலை, எது வாலுன்னு தெரியாது. பிடிங்க. நான் சொல்லச் சொல்லச் செய்ங்க."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நுனியைச் செருகினாள். மருமகள் தன் கையை அந்தக் கையின் மேல் வைத்துக்கொண்டாள்.

"இழுங்க அத்தை. இன்னும். சிரிஞ்ச் அதுக்கு மேல வராதுங்கற வரைக்கும். ம்... இப்ப பலூனை அமுக்கிப் பாருங்க. எப்படி இருக்கு?"

"வத்தியிருக்கு."

"இப்ப வால்வு."

மருமகள் தன் கையை எடுத்துக்கொண்டாள். மாமியார் தனியாக, உதட்டைக் கடித்துக்கொண்டு, வால்வை மாட்டினாள். கிளிக் என்றது.

மாமனார் மூச்சை நிதானமாக இழுத்தார். மனைவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பயணிகளின்... கனிவான... கவனத்திற்கு..."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறு வாரம்... தாமதமாக... வந்து... சேர்ந்த... வண்டி..."

"போதும், போதும்! மூச்சு வாங்குது பாருங்க! வாயை மூடிக்கிட்டுப் படுங்க!" என்று மாமியார் அழுதுகொண்டே அதட்டினாள். ஒரு கை மருமகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்றொரு கையின் விரல்கள் குட்டிப் பலூனை விடாமல் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வத்தித்தான்டி இருக்கு..." என்றாள் விம்மலுக்கு நடுவே. "நீ தைரியமா வேலைக்குப் போயிட்டு வா. வத்தித்தான் இருக்கு..."